புதுக்குதிரைக்கு மூன்று வாரம் கொடுங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இப்போதும் தூங்கலாம், டீச்சர் எழுப்ப மாட்டேன். ஆனால் வருகிற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்க் குதிரை வாங்கப் போகிறோம் என்று சொன்ன மூன்று பேர் மட்டும் கடைசி வரை படித்தே ஆக வேண்டும். ஆனி பிறந்துவிட்டது, நாள் அதிகம் இல்லை.

நம்ம பக்கத்தில் இப்போது குதிரை ஆசை கூடியிருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விட ஒருவர், ரேக்ளா பந்தயத்துக்கு ஒருவர், பிள்ளை கேட்டான் என்று ஒருவர். வாங்குங்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: வண்டியிலிருந்து இறக்கிய நாளிலிருந்து மூன்று வாரத்துக்கு அதன் முதுகில் யாரும் ஏறக்கூடாது. பெரியவர்களும் கூடாது, பிள்ளைகள் கூடவே கூடாது.

"என்ன டீச்சர், காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்றீங்களா?" என்பீர்கள். ஆமாம். பைக் வாங்கினால் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, அன்றைக்கே கோயிலுக்கு ஓட்டிப் போகலாம். பைக்குக்கு நேற்று எந்தக் கடையில் நின்றோம் என்ற நினைவு கிடையாது. குதிரைக்கு உண்டு. நீங்களும் விற்றவரும் துண்டு போட்டுக் கைக்குள் விரல் பிடித்து விலை பேசினீர்கள், அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் அப்பா ஜட்கா ஓட்டியவர் என்பது உறவுகளுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. நான் அஞ்சாவது படிக்கிற காலத்தில் பஸ் குறைவு. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஜட்காதான். வண்டிக்காரருக்குக் குதிரை நின்றால் அடுப்பும் நின்றுவிடும். அப்படிப்பட்டவர், புதுக்குதிரை வாங்கிவந்தால் பதினைந்து நாளைக்கு அதை வண்டியில் பூட்ட மாட்டார். அந்தப் பதினைந்து நாளும் சவாரி இல்லை, கையில் காசு இல்லை. அம்மா கடன் வாங்கிக் கஞ்சி காய்ச்சுவார், கூடவே சண்டையும் போடுவார். "ஊரில் எல்லாரும் மறுநாளே பூட்டுறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" அப்பா பதில் பேசமாட்டார். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய்க் குதிரைக்குப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டு பீடி பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

என்னையும் விடமாட்டார். வாய்ப்பாட்டை அங்கே நின்று சத்தமாகச் சொல்லச் சொல்வார். மனுஷர் குரல், அதுவும் சின்னப் பிள்ளை குரல், அதற்குக் காதில் விழுந்துகொண்டே இருக்கணுமாம். பதினாறாம் வாய்ப்பாட்டை நான் முதன்முதலில் தப்பில்லாமல் ஒப்பித்தது ஒரு செவலைக் குதிரையிடம்தான். முதல் இரண்டு நாள் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றது, நாலாம் நாள் ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. அப்பா அதைக் கவனித்துவிட்டுத்தான், "இனிமே கிட்டப் போலாம்" என்றார். படிக்காதவர். ஆனால் குதிரையின் காதைப் படிப்பார்.

அவர் செய்ததற்கெல்லாம் காரணம் உண்டு என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருக்கின்றன. சுற்றிலும் பார்க்கும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. அதனால்தான் அப்பா எப்போதும் தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போவார். நெற்றியில் கை வைக்கமாட்டார். கழுத்தடி, தோள், பிடரி என்று தொட்டு, அது தலையைத் தாழ்த்திய பிறகுதான் முகத்துக்கு வருவார். நாம் என்ன செய்கிறோம்? இறக்கியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு மூஞ்சிக்கு நேரே செல்போனை நீட்டுகிறோம்.

அது கூட்டத்தோடு வாழ்கிற மிருகம். சந்தையில் வரிசையாக நின்ற மற்ற குதிரைகளை விட்டுப் பிரித்துத் தனியாக ஏற்றி வருகிறோம். குட்டியானை வண்டியில் ஏற்றி, சேலம் தாண்டி, வளைவுக்கு வளைவு கால் வழுக்கி, பயந்து, தண்ணீர் குடிக்காமல் வந்து இறங்குகிறது. மாணிக்கவாசகர் கதையில் பாண்டிய ராஜா வாங்கிய குதிரைகள் லாயத்தில் கட்டிய அன்று ராத்திரியே நரியாக மாறி ஊளையிட்டன அல்லவா? நம்ம குதிரை நரியாகாது. ஆனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி கனைத்துக்கொண்டே இருக்கும், தெருவில் யாரும் தூங்க முடியாது. அது துணையைக் கூப்பிடுகிறது. பக்கத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டினால்கூடக் கொஞ்சம் அடங்கும். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். புது இடத்தில் பயம் தீராமல் பல நாள் படுக்காது. உங்கள் கொட்டகையில் அது காலை நீட்டிப் படுத்து எழுந்த அடையாளத்தை, உடம்பில் ஒட்டிய வைக்கோலை, என்றைக்குப் பார்க்கிறீர்களோ அன்றைக்குத்தான் அது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கணக்கு.

இதில் ஏமாற ஒரு இடம் இருக்கிறது. வந்த முதல் நாள் குதிரை ரொம்பச் சாதுவாக நிற்கும். "என்ன அடக்கம் பாருங்க டீச்சர்!" என்று வீடியோ அனுப்புவீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான், அந்த அடக்கம் எனக்குத் தெரியும். ஜூன் மாதம் முதல் வாரம், அம்மா கையை விட்டு வந்த பிள்ளை சுவரோரமாகக் கைகட்டி உட்கார்ந்திருக்கும். பேசாது, அழாது, சோறும் இறங்காது. புதிதாக வேலைக்கு வந்த டீச்சர் அதைப் பார்த்து, "நல்ல பிள்ளை" என்பார். அது பயத்தில் உறைந்துபோன பிள்ளை. மூன்றாவது வாரம் பக்கத்துப் பையனின் சிலேட்டுக் குச்சியைப் பிடுங்கும் பாருங்கள், அப்போதுதான் நான் நிம்மதியாக 'அ' எழுத வைப்பேன். குதிரைக்கும் அந்த உறைந்த நாட்கள் உண்டு. களைப்பும் தாகமும் பயமும் சேர்ந்த சாதுத்தனம் அது. நாலைந்து நாளில் தீனி தின்று தெம்பு வந்ததும் அதன் நிஜ சுபாவம் வெளியே வரும். நீங்கள் முதல் நாள் ஏறிய குதிரை வேறு, அஞ்சாம் நாள் ஏறுகிற குதிரை வேறு.

போன வருஷம் நடந்ததை, சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, பெயர் இல்லாமல் சொல்கிறேன். என்னிடம் படித்தவர்தான். வெள்ளைக் குதிரை, நொக்ரா என்று ஆசைப்பட்டு நல்ல விலை கொடுத்து வாங்கிவந்தார். இறக்கிய அன்று சாயங்காலமே பதினோரு வயதுப் பையனை ஏற்றி வீதியில் ஒரு சுற்று. குழுவில் எல்லோரும் கைதட்டும் படம் போட்டீர்கள். மறுநாளும் சுற்று, அதற்கு மறுநாளும். நாலாம் நாள் காலையில் தெருக்கோடியில் ஏதோ விசேஷத்துக்குச் சரவெடி. குதிரை நிமிர்ந்தது, பையன் தோள்பட்டை எலும்பு உடைந்து கிடந்தான். குதிரை கயிற்றோடு ஓடி நாலுவழிச் சாலை வரைக்கும் போய்விட்டது. லாரிக்காரர் ஒருவர் பிரேக் அடித்ததால் அது பிழைத்தது, பின்னால் வந்தவர்களும் பிழைத்தார்கள். பையன் கை இப்போது சரியாகிவிட்டது, பந்து வீசுகிறான். குதிரையை "கெட்ட குதிரை" என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அந்தப் பேர்தான் பொறுக்கவில்லை. நாலு நாளாக ஊர் தெரியாமல், ஆள் தெரியாமல், தூங்காமல் நின்ற பிராணி வெடிக்குப் பயந்தது. அதில் என்ன கெட்டது? அந்தப் பெயரோடு அது இப்போது எந்த ஊரில், யார் சாட்டையின் கீழ் நிற்கிறதோ.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "முதல் நாளே அடக்காட்டி, குதிரை தலைக்கு மேல ஏறிடும்." இதே வசனத்தை ஆசிரியர் ஓய்வறையில் கேட்டிருக்கிறேன்: முதல் நாளே பிரம்பைக் காட்டிவிடணும், இல்லாவிட்டால் வகுப்பு கையில் நிற்காது. பிரம்பைக் காட்டியவர்களின் வகுப்பு அவர் இருக்கும்வரை கப்சிப் என்று இருக்கும், அவர் வாசலைத் தாண்டியதும் சந்தைக்கடை. குதிரையிலும் அடித்து ஏறலாம்தான். சரவெடி வெடிக்கும்போது அது உங்களைத் தேடுமா, உங்களை உதறுமா என்பது வேறு கேள்வி.

நம் மனசில் இந்த "அடக்குதல்" ஊறிப்போனதற்குத் தேசிங்கு ராஜன் கதையும் ஒரு காரணம். செஞ்சி நமக்குப் பக்கம், நாமெல்லாம் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். டில்லி பாதுஷாவிடம் இருந்த, யாராலும் ஏற முடியாத குதிரையில் இளவட்டமாக இருந்த தேசிங்கு ஒரே தாவாகத் தாவி ஏறி அடக்கினான் என்று கேட்கும்போது எனக்கும் புல்லரிக்கும். 1714-இல் ஆர்க்காட்டு நவாப் படையோடு மோதி இளம்வயதில் செத்த வீரன், அவன் புகழைக் குறைக்க நான் யார்? ஆனால் கதை கதைதான். அதை வைத்துக் குதிரை பழக்க முடியாது. அலெக்சாண்டர் கதையில்தான் பாடம் இருக்கிறது. புசெபாலஸ் என்ற குதிரையிடம் பெரிய ஆட்களெல்லாம் நெருங்க முடியாமல் நின்றபோது, அது தன் நிழலைப் பார்த்து மிரள்கிறது என்பதை அந்தப் பையன் கவனித்தான். கடிவாளத்தைப் பிடித்து அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான், தடவிக்கொடுத்தான், பிறகுதான் ஏறினான் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஏறியதை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், முகத்தைத் திருப்பியதை மறந்துவிட்டார்கள். கிரேக்கத்தில் செனபோன் என்பவர் 2300 வருஷத்துக்கும் முன்பே குதிரை வளர்ப்பைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே, கூட்டத்துக்குள் நடத்திக் கூட்டிப்போய் எல்லாக் காட்சியும் சத்தமும் பழக்கு, பயந்தால் அடிக்காதே, பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டு என்கிறார். எங்கள் அப்பா செனபோனைப் படித்ததில்லை. அவர் செய்தது அச்சு அசல் அதுதான்.

தீனி விஷயத்துக்கு வருகிறேன். இது முதுகில் ஏறுவதைவிட ஆபத்தானது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை சின்னது. புல்லைச் செரிக்கிற வேலை பின்குடலில் நுண்ணுயிர்களால் நடக்கிறது, தீனி மாறினால் அவை பழக ஏழு முதல் பத்து நாள் வேண்டும். நாம் புதுக்குதிரை வந்த சந்தோஷத்தில் ஒரு மரக்கால் கொள்ளை வேகவைத்து வைக்கிறோம். கள்ளக்குறிச்சிப் பக்கம் வீட்டுக்கு வீடு மக்காச்சோளம் கிடக்கிறது என்று அதையும் அள்ளிப் போடுகிறோம். வயிற்றுவலி வந்தால் தரையைக் காலால் பறிக்கும், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும், புரளும். அப்போது தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மஞ்சள் தண்ணீர், ஓமத் தண்ணீர் என்று நேரத்தைப் போக்கினால் ராத்திரிக்குள் போய்விடும். மரவள்ளித் தழையும் இளஞ்சோளப் பயிரும் மாட்டுக்கே ஆகாது என்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, குதிரைக்கும் அதே ஜாக்கிரதை. முதல் வாரம் நல்ல காய்ந்த புல், நிறையத் தண்ணீர், அது ஏற்கெனவே தின்று பழகிய தீனி, அவ்வளவுதான். நம்ம ஊர்த் தண்ணீரின் ருசி பிடிக்காமல் சில குதிரை முகத்தைத் திருப்பும். குடிக்கிறதா என்று வாளிக் கணக்கில் பாருங்கள். ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் போக வேண்டும், வெயிலில் இன்னும் கூட.

தமிழ்நாடு இதில் ரொம்பப் பழைய குற்றவாளி. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் கடல் வழியாக வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. வளர்க்கத் தெரியவில்லை, சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள், லாடம் கட்ட ஆள் இல்லை, வியாபாரிகள் லாடக்காரரை வரவிடுவதும் இல்லை என்கிறார். பயணி கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் வயிறு எரிகிறது. காயல் துறையில் இறங்கிய அரபுக் குதிரைகள் பழகும் முன்பே செத்தன, அடுத்த கப்பலுக்குப் பணம் தயாராக இருந்தது.

நம்ம ஊர் மலைக்கோட்டையும் குதிரைகளைப் பார்த்ததுதான். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் தியாகதுருகத்தை ஹைதர் அலிக்கு விட்டுக்கொடுத்தபோது மைசூர்க் குதிரைப்படை இங்கே வந்தது. அந்தப் படையில் குதிரைக்குப் புல் வெட்டவும் தேய்க்கவும் ஆள் இருந்தது. நம் வீட்டில் இருப்பது நாம் மட்டும்தான்.

அப்படியானால் மூன்று வாரமும் என்ன செய்வது? சும்மா இருக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் ஒரே ஆள் தீனி வைக்கட்டும், ஒரே நேரத்துக்கு. மற்றவர்கள் தூரத்திலேயே நிற்கட்டும். பிறகு தேய்த்துவிடுவது, காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பது. இதற்கே ஒரு வாரம் ஆகும், நாலு காலையும் தயங்காமல் கொடுக்கிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்த வாரம் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள். காலையில் ஏரிக்கரை, அப்புறம் தெரு, அப்புறம் சந்தை கூடாத நாளில் சந்தைத் திடல். பஸ் ஹாரன் தூரத்தில் கேட்கிற இடத்தில் நிறுத்திப் புல் கொடுங்கள், மறுநாள் பத்தடி கிட்டே. எங்கள் அப்பா காலி வண்டியைக் கொண்டுவந்து குதிரை முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அது சக்கரத்தை மோந்து பார்க்கும், நுகத்தைக் கடித்துப் பார்க்கும். அதே மாதிரி சேணத்தையும் கொட்டகையில் அதன் கண்ணில் படும்படி வையுங்கள். பிறகு ஒரு கோணிப்பை, அது சுமக்கப் பழகியதும் சேணம், வாரை இறுக்காமல். முதுகைத் தடவிப் பாருங்கள், பழைய சேணப்புண் இருந்தால் அமுக்கும்போது முதுகை இறக்கும். புண்ணின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டு உதறுகிறது என்று குறை சொல்லக்கூடாது.

மூன்றாம் வாரக் கடைசியில் ஏறுவதும் வேலி போட்ட இடத்துக்குள், நன்றாக ஏறத் தெரிந்த பெரியவர், தலைக்கவசத்தோடு, பத்து நிமிஷம் நடை மட்டும். நில் என்றால் நிற்கிறதா, திரும்பு என்றால் திரும்புகிறதா, போதும். பிள்ளை ஏறுவதற்கு இன்னும் சில வாரம் ஆனாலும் பரவாயில்லை. சில குதிரைக்கு மூன்று வாரம் போதாது, அது தீனி மறுத்தோ படுக்காமலோ இருந்தால் கணக்கை நீட்டிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விடுகிறவர் கேட்பார்: "முகூர்த்தம் வந்துடுச்சு, அட்வான்ஸ் வாங்கிட்டேன்." தம்பி, மேளம், டிரம் செட், வாணவேடிக்கை, அதற்கு நடுவே மாலை போட்ட மாப்பிள்ளை, கீழே குழந்தைகள். இதற்குப் புதுக்குதிரையைக் கொண்டுபோவதைவிட அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது லாபம். பசியோடு பதினைந்து நாள் பொறுத்த ஜட்காக்காரரின் மகள் சொல்கிறேன், இன்றைக்குக் குதிரை வாங்குகிற யாருக்கும் அவரைவிட அவசரம் இருக்க நியாயமில்லை. கறவை மாடு வாங்கினால் புது இடத்தில் முதல் சில நாள் பால் இறக்காது என்பதை அமைதியாக ஏற்றுக்கொள்கிறோமே, "நாலு நாள் போகட்டும்" என்கிறோமே. குதிரையிடம் மட்டும் அந்தப் பெருந்தன்மை எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அந்தியூர் போகிறவர்களுக்கு: ஏற்கெனவே வீட்டில் குதிரை இருந்தால் புதியதை மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள், வாளியும் தனி. கால்நடை மருத்துவரிடம் கேட்டு டெட்டனஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்துவிடுங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனுஷருக்கும் தொற்றக்கூடியது. விலை பேசி முடித்ததும் விற்பவரிடம் அது தின்கிற தீனியில் பத்து நாளைக்கு ஆகிற அளவு கேட்டு வாங்கி வண்டியில் போடுங்கள், நம்ம தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலக்கலாம். எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எந்தப் பக்கமாக ஏறுவார்கள், எதற்கு மிரளும் என்று கேளுங்கள். முடிந்தால் அதன் பழைய கழுத்துக்கயிற்றையே கேட்டு வாங்குங்கள். வண்டியின் தரையில் மணலும் வைக்கோலும் போடுங்கள், வெயில் ஏறும் முன் கிளம்புங்கள், வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

கொட்டகை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியாவது இருக்கட்டும். மற்ற விவரம் வேண்டுமானால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் பேரன் போனைக் கொடுக்கமாட்டான்.